முதலில் சுவிட்சு, பிறகு ஆள்

புதுக்கோட்டை
5-7-37

அன்புள்ள தங்கச்சி சொர்ணவல்லிக்கு,

அண்ணன் கண்ணுசாமி எழுதுவது. அறந்தாங்கியில் பஸ் கிடைத்து நல்லபடியாக வந்து சேர்ந்தேன். ஆத்தாவின் கால் வீக்கம் வடிந்ததா, நீ புத்தகத்தை மூடி வைத்துவிட்டு நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று எழுது.

இங்கே பெண் பிள்ளைகள் தங்கிப் படிக்க ஒரு விடுதி கட்டுகிறார்கள். ஊருக்குக் கிழக்கே, ஊருணியை ஒட்டிய இடம். அஸ்திவாரத்துக்குத் தோண்டிய பள்ளத்தில் இடுப்பளவு ஊற்றுத் தண்ணீர் நிற்கிறது. ஆள் வைத்து இறைத்து மாளாமல் காண்ட்ராக்டர் ஆத்மநாதன் மோட்டார் பம்பு வாங்கிவிட்டார். கட்டடம் முடிகிற வரைக்கும் மட்டும் என்று தெருக் கம்பத்திலிருந்து கரண்டு கொடுத்திருக்கிறார்கள். கம்பத்திலிருந்து பம்பு வரைக்கும் அந்தக் கரண்டை யாருக்கும் தீங்கில்லாமல் கொண்டுவந்து சேர்ப்பது என் பொறுப்பு.

காண்ட்ராக்டர் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். "தம்பி, ஒனக்கு இதெல்லாம் தெரியும்ல?" தெரியும் என்றேன். ரைஸ் மில்லில் மூன்று வருஷம் மோட்டார் ஓட்டியவன் வேறு என்ன சொல்வான்? ஆனால் மில்லில் மோட்டார் ஓட்டுக் கூரைக்குக் கீழே, காய்ந்த தரையில், கதவு பூட்டிய அறைக்குள் இருந்தது. இங்கே வெட்டவெளியில், சேற்றில், அறுபது பேர் வெறுங்காலோடு நடக்கிற இடத்தில் இருக்கிறது. இது வேறு வேலை என்று முதல் நாளே தெரிந்துபோயிற்று.

மோட்டார் வந்த பெட்டிக்குள் இங்கிலீஷில் ஒரு புத்தகம் இருந்தது. எனக்கு எழுத்துக் கூட்ட வரும், அர்த்தம் கூட்ட வராது. காண்ட்ராக்டரிடம் கேட்டால் நான் சொன்னது பொய்யாகிவிடும். தனிக்கட்டாகத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். நீ வாசித்து, வேண்டியதை மட்டும் தமிழில் எழுது. யாரிடமும் சொல்ல வேண்டாம்.

அன்புள்ள அண்ணன்,
கண்ணுசாமி


ஆவுடையார்கோவில்
14-7-37

அன்புள்ள அண்ணனுக்கு,

சொர்ணவல்லி வணக்கத்துடன் எழுதுவது. ஆத்தாவுக்கு வீக்கம் வடிந்துவிட்டது. கோயில் வரைக்கும் நடந்து போய் வருகிறார்கள். நான் நன்றாகச் சாப்பிடுகிறேன். உங்கள் உடம்பைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை.

புத்தகம் வந்தது. பக்கத்து வீட்டார் பார்த்தால், எட்டாவதோடு நின்ற பெண்ணுக்கு இங்கிலீஷ் புத்தகம் எதற்கு என்று நாலு நாள் பேசுவார்கள். தவிட்டுப் பானைக்குப் பின்னால் வைத்து மத்தியானங்களில் படிக்கிறேன். சில வார்த்தைகள் அகராதியிலும் இல்லை. படத்தைப் பார்த்து யூகித்துக்கொண்டேன்.

எனக்குப் புரிந்தது இதுதான். கரண்டு போக வேண்டிய கம்பியை விட்டு வழி தவறினால், உடனே மண்ணுக்குப் போகத்தான் பார்க்குமாம். அதற்கு நாமே ஒரு நல்ல வழி போட்டு வைத்துவிட வேண்டும். ஆழக் குழி வெட்டி, கரியும் உப்பும் கொட்டி, நடுவில் குழாய் இறக்கி, அந்தக் குழாயையும் மோட்டாரின் இரும்பு உடம்பையும் ஒரு செம்புக் கம்பியால் சேர்க்க வேண்டும். அந்த வழி இருந்தால் பியூஸ் உருகி எல்லாம் நின்றுவிடும். இல்லையென்றால் தொடுகிற மனிதனையே வழியாக்கிக்கொள்ளும். குழி எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும், தினமும் தண்ணீர் ஊற்றினாலும் நல்லது என்று இருக்கிறது.

சுவிட்சுப் பெட்டிக்குத் தனிக் கூரை போடுங்கள். அதன் முன்னால் காய்ந்த பலகை ஒன்று போட்டு, அதன்மேல் நின்றுதான் கைப்பிடியைத் தொட வேண்டும். கரண்டுக் கம்பி தரையில் கிடக்கவே கூடாது.

கடைசிப் பக்கத்தில் தனியாகக் கட்டம் போட்டு ஒன்று எழுதியிருக்கிறது. யாரையாவது கரண்டு பிடித்துக்கொண்டால் அவரைப் பிடித்து இழுக்கக் கூடாது; முதலில் சுவிட்சை நிறுத்த வேண்டும், அப்புறம்தான் ஆளிடம் போக வேண்டும். இதைப் பெரிய எழுத்தில் பலகையில் எழுதி மாட்டுங்கள். வாசிக்கத் தெரியாதவர்கள்தானே அங்கே அதிகம்? அவர்களுக்குக் காலையில் ஒரு முறை வாயால் சொல்லிவிடுங்கள்.

தங்கை,
சொர்ணவல்லி


புதுக்கோட்டை
2-8-37

அன்புள்ள தங்கச்சிக்கு,

சுகம். ஆத்தா கோயிலுக்கு நடக்கிறார்கள் என்று படித்ததும் பாதிக் கவலை போயிற்று. எனக்கு ஒரு குறையும் இல்லை. சாப்பாடு ஷேக் தாவூது பாயின் கடையில். மீன் வாரத்துக்கு மூன்று நாள் கட்டுமாவடியிலிருந்து வருகிறது.

நீ எழுதியபடியே எல்லாம் ஆயிற்று. சுவிட்சு மரப்பெட்டியில், கட்டைக் கைப்பிடியோடு, கீற்றுக் கூரைக்குக் கீழே இருக்கிறது. முன்னால் மாம்பலகை போட்டிருக்கிறேன். குழியில்தான் ஒரு தகராறு. பம்புக்குப் பக்கத்தில் என்றைக்கும் ஈரமாக இருப்பது ஈசானிய மூலை ஒன்றுதான். அங்கே கடப்பாரை போட்டதும் மேஸ்திரி ஆண்டிச்சாமி வந்து மறித்துக்கொண்டார். "கும்பம் வச்சுப் பூச போட்ட எடத்துலயா இரும்ப எறக்குற? கட்டடம் நிக்கணுமா வேணாமா?" அவரை எதிர்த்து ஒரு செங்கல் அசையாது. கடைசியில் ஊருணிக் கரையோரமாகக் குழி வெட்டினோம். பம்பிலிருந்து நாற்பது தப்படி தூரம். நடுவே பூராவும் செம்பாறை. கம்பியைப் புதைக்க முடியவில்லை. நாலு முளை அடித்து, இடுப்புயரத்தில் இழுத்துக் கட்டிவிட்டேன். அது கரண்டுக் கம்பி இல்லையே, மண்ணுக்குப் போகிற வெறுங்கம்பிதானே, தொட்டாலும் ஒன்றும் இல்லை.

அதில் ஒரு வேடிக்கை. மறுநாள் மத்தியானம் பார்த்தால் அந்தக் கம்பி பூராவும் சேலை காய்கிறது. சேறு பட்ட சேலைகளை ஊருணியில் அலசிய சித்தாள்கள், அண்ணாச்சி நமக்குக் கொடி கட்டிக் கொடுத்திருக்கிறார் என்று சந்தோஷமாய்ப் போட்டுவிட்டார்கள். நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

பலகையில் தாரால் எழுதி மாட்டியாயிற்று: முதலில் சுவிட்சு, பிறகு ஆள். காலையில் எல்லாரையும் நிறுத்தி ஒரு தரம் சொல்கிறேன். கேலிக்குப் பஞ்சமில்லை. மூக்காயி என்று ஒரு சித்தாள், வாய்க்காரி. நான் வரும்போதே, "என்ன வயர்மேன் அண்ணே, இன்னைக்கிப் பாடம் ஆச்சா? மொதல்ல சுவிச்சு, பெறகு ஆளு, அதுக்கும் பெறகு கஞ்சி" என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். ஆனால் சொல்லிச் சொல்லி அவர்களுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

அண்ணன்,
கண்ணுசாமி


ஆவுடையார்கோவில்
11-8-37

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே இருவரும் நலம். உங்கள் கடிதத்தை ஆத்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். சேலை காய்ந்த இடத்தில் நாங்கள் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். "எவளுக்குத்தான் தோணாது, பளபளன்னு கட்டி வச்சா?" என்றார்கள் ஆத்தா.

மூக்காயியை எனக்குப் பிடித்திருக்கிறது. அவளைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தபோது ஒரு கேள்வி வந்தது. புத்தகத்தில் இல்லாத கேள்வி. புத்தகம் எழுதிய துரை மோட்டாரைப் படம் போட்டிருக்கிறார், பக்கத்தில் பூட்சு போட்ட ஒரு ஆளையும் போட்டிருக்கிறார். வேறு யாரும் படத்தில் இல்லை. உங்கள் இடத்தில் அத்தனை சித்தாள்கள் இருக்கிறார்கள் என்றால் கைக்குழந்தைகளும் இருக்க வேண்டுமே. அவர்களை எங்கே போட்டுவிட்டு வேலை செய்கிறார்கள்? எங்கே தூளி கட்டுகிறார்கள்?

கேட்பது தவறானால் மன்னிக்கவும். தெரிந்துகொள்ளத் தோன்றியது.

சொர்ணவல்லி


புதுக்கோட்டை
6-9-37

அன்புள்ள தங்கச்சிக்கு,

சுகம். ஆத்தாவுக்கு வேட்டிக் கடைக்காரர் மூலம் தைலம் அனுப்பியிருக்கிறேன். வந்ததும் எழுது.

உன் கேள்வியைப் படித்துவிட்டுத் தலையைத் தூக்கிப் பார்த்தேன். தினமும் பார்க்கிற இடம்தான், ஆனால் அன்றைக்குத்தான் பார்த்தேன். பம்புக்குப் போட்ட கொட்டகைதான் இந்த மைதானத்திலேயே நிழல். அதன் கால்களும் குறுக்குச் சட்டமும் இரும்புக் குழாய். பம்பின் குழாயும் அந்தக் கால்களோடு சேர்த்துத்தான் முடுக்கியிருக்கிறது. அந்தக் குறுக்குக் குழாயில் ஒரு பழைய சேலைத் தூளி. உள்ளே மூக்காயியின் ஒன்பது மாதப் பிள்ளை. முன்னால் இரண்டு பிறந்து தங்காததால் இவனுக்குப் பிச்சை என்று பெயர் வைத்திருக்கிறாள்.

பயப்படாதே. தூளியை அங்கிருந்து மாற்றி வேப்பமரத்தில் கட்டியாச்சு.

அஸ்திவாரம் மூன்று பக்கம் முடிந்துவிட்டது. மழைக்கு முன்னால் நாலாவது பக்கமும் எழும்பிவிட்டால் காண்ட்ராக்டர் எனக்குக் கைகொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

அண்ணன்,
கண்ணுசாமி


ஆவுடையார்கோவில்
13-9-37

அன்புள்ள அண்ணனுக்கு,

தைலம் வந்தது. ஆத்தா தடவிக்கொண்டு தூங்குகிறார்கள்.

தூளியை மாற்றிவிட்டீர்கள் என்று படித்ததும் எழுந்து போய் ஒரு செம்பு தண்ணீர் குடித்தேன். ஒன்றும் ஆகாத ஒரு விஷயத்துக்கு இத்தனை நிம்மதி வருமா என்று எனக்கே வெட்கமாக இருந்தது. பிச்சை மரத்தடியில் காற்றாடத் தூங்கட்டும்.

தீபாவளிக்கு எத்தனை நாள் முன்னதாக வருவீர்கள்? ஆத்தா இப்போதே அரிசி ஊற வைக்கும் நாளைக் கணக்குப் பார்க்கிறார்கள்.

சொர்ணவல்லி


(கார்டு)
ஆவுடையார்கோவில்
18-10-37

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். சென்ற மாதக் கடிதத்துக்குப் பதில் இல்லை. ஆயுத பூஜைக்கும் கடிதம் வரவில்லை. இது கார்டு, தபால்காரர் முதல் பலர் படிப்பார்கள். அதனால் வேறு ஒன்றும் எழுதவில்லை. ஒரு வரி போடவும்.

சொ.


புதுக்கோட்டை
26-10-37

தங்கச்சிக்கு,

சுகம். வேலை அதிகம். அதனால் எழுதவில்லை. தீபாவளிக்கு வர முடியாது. ஆத்தாவிடம் பக்குவமாகச் சொல். பேனா கெட்டுவிட்டதால் பென்சில்.

கண்ணுசாமி


ஆவுடையார்கோவில்
30-10-37

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் நலம். உங்கள் நலத்தை இந்தத் தடவை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை.

உங்கள் கடிதத்தை ஆத்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். நாலு வரிதான். முடித்ததும் ஆத்தா, "ஏன்டி, நீ இப்படித் தட்டித் தட்டி வாசிக்கவே மாட்டியே? இது கண்ணு கையெழுத்துத்தானா?" என்றார்கள். கையெழுத்துப் பார்க்கத் தெரியாதவர்கள் காதால் கண்டுபிடித்துவிட்டார்கள். பென்சிலால் எழுத்து கோணலாம்; ஆனால் அத்தனை எழுத்தும் இடது பக்கமாகச் சாயாது. இடது கையால் எழுதினால்தான் அப்படிச் சாயும். சின்ன வயதில் சிலேட்டில் விளையாட்டாக நீங்கள் எழுதிக் காட்டுவீர்களே, அதே 'க'.

என்ன நடந்தது என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. எது என்றாலும் எழுதுங்கள். ஆத்தாவுக்கு எவ்வளவு வாசிப்பது என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன். எனக்கு மட்டும் முழுசாக எழுதிவிடுங்கள். பிச்சை நன்றாக இருக்கிறானா? அதை முதல் வரியில் எழுதுங்கள்.

சொர்ணவல்லி


புதுக்கோட்டை
8-11-37

அன்புள்ள தங்கச்சிக்கு,

பிச்சை நன்றாக இருக்கிறான். ஒரு கீறல் இல்லை. நானும் பிழைத்துக் கிடக்கிறேன். வலது உள்ளங்கை வெந்து ஆறிக்கொண்டிருக்கிறது. இரண்டு விரல் மடங்கவில்லை, மடங்கிவிடும் என்று டாக்டர் சொல்கிறார். பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன். இடது கையால் எழுத நேரமாகிறது. இந்தக் கடிதத்துக்கு மூன்று நாள் ஆயிற்று.

முதலில் ஒரு பொய்யைச் சொல்லிவிடுகிறேன். செப்டம்பரில் தூளியை மாற்றியாச்சு என்று எழுதினேனே, மாற்றவில்லை. மாற்றத்தான் போனேன். வேப்பமரத்தில் முசுறு எறும்பு. தங்கச்சி கேட்டுத்தான் மாற்றுகிறேன் என்றேன், மூக்காயி விடவில்லை. "எம்புள்ளைய எறும்பு கடிச்சா ஒந் தங்கச்சி வந்து ஊதிவிடுமா?" என்றாள். சரி, நாளைக்கு மரக்கால் ஊன்றித் தனியாக ஒரு பந்தல் போட்டுக் கொடுப்போம் என்று நினைத்தேன். அன்று சாயங்காலம் உனக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தபோது, நாளைக்குச் செய்யப்போவதுதானே என்று செய்ததாகவே எழுதிவிட்டேன். மறுநாள் கல் வண்டி வந்தது. அதற்கு மறுநாள் வேறு வேலை. எழுதிவிட்டதாலேயே செய்துவிட்ட மாதிரி மனசுக்கு ஆகிவிட்டது. ஒரு மாதம் தூளி அங்கேயேதான் தொங்கியது. நான் அதன் அடியிலேயே நடந்தேன்.

அக்டோபர் ஆறாம் தேதி புதன்கிழமை. காலையில் நல்ல மழை பெய்து பத்து மணிக்கு விட்டது. பம்பை ஓட்டினேன். பிள்ளை சிணுங்கினான். இடது கையால் தூளியை ஆட்டலாம் என்று போய், வலது கையால் கொட்டகையின் இரும்புக் காலைப் பிடித்தேன். நான் கணுக்கால் வரைக்கும் சேற்றில் நின்றேன். அப்புறம் நான் இரும்பைப் பிடிக்கவில்லை, அது என்னைப் பிடித்துக்கொண்டது. விட முடியவில்லை. கத்த நினைத்தேன், வாய் கேட்கவில்லை. கண் மட்டும் தெரிந்தது.

ஆண்டிச்சாமி மேஸ்திரி என்னை இழுக்க ஓடி வருகிறார். அவருக்கும் வெறுங்கால். இருபது தப்படி தள்ளி மூக்காயி, தலையில் காரைச் சட்டியோடு நிற்கிறாள். அவள் பார்த்துவிட்டாள். பிள்ளை தொங்குகிற இரும்பில்தான் நானும் ஒட்டிக்கொண்டிருக்கிறேன் என்பதையும் பார்த்துவிட்டாள். சட்டியைப் போட்டாள். பிள்ளைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓடினாள்.

மேஸ்திரி பிறகு ஆஸ்பத்திரியில் சொன்னார்: "பெத்த புள்ளைய விட்டுட்டு உசுருக்குப் பயந்து ஓடுறாளே பாவின்னு வஞ்சுட்டேன்யா. அவ எங்கிட்டு ஓடுறான்னு அப்பறந்தான் தெரிஞ்சுச்சு."

சுவிட்சுப் பெட்டிக்கு ஓடியிருக்கிறாள். பலகைமேல் ஏறி நின்று கைப்பிடியை இழுத்துவிட்டாள். நான் சேற்றில் விழுந்தேன். மேஸ்திரியின் கை என் தோளுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அப்புறம் அவள் ஓடி வரவில்லை, நடந்து வந்தாள். தூளியிலிருந்து பிள்ளையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு என்னைக் குனிந்து பார்த்து, "பாடத்த நீதான் அண்ணே மறந்துட்ட" என்றாள். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து அழுதாள்.

கோளாறு என்னவென்று, என்னைத் தூக்கிக்கொண்டு போகும்படி மேஸ்திரியிடம் சொல்லி, நானே பார்த்தேன். மோட்டாருக்குப் போகிற கம்பியின் ரப்பர், இரும்பு விளிம்பில் உரசி உரசித் தேய்ந்து, மழை ஈரம் இறங்கியிருக்கிறது. அது நடக்கிறதுதான். அதற்காகத்தானே மண் கம்பி. ஆனால் ஊருணிக் கரையில் குழிக்குள்ளே குழாயோடு முடுக்கியிருந்த திருகாணியிலிருந்து அந்தக் கம்பி கழன்று கிடந்தது. இரண்டு மாதத்துக்கு மேலாக நனைந்த சேலைகளின் பாரம். பார்வைக்குக் கம்பி அப்படியே கட்டிய இடத்தில்தான் இருந்தது. வழி மட்டும் அறுந்திருந்தது. சித்தாள்களை நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். பளபளவென்று இடுப்புயரத்தில் கட்டினால் கொடி என்றுதான் யாரும் நினைப்பார்கள். கட்டியது நான். பார்த்துச் சிரித்ததும் நான்.

காண்ட்ராக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இங்கிலீஷ் தெரியாது, தங்கச்சிதான் எழுதிக் கொடுத்தது என்பதையும் சொன்னேன். போகச் சொல்வார் என்று நினைத்தேன். "அந்தத் தங்கச்சி எழுதுனத எனக்கும் ஒரு காப்பி எழுதித் தரச் சொல்லு" என்றார். உன்னைக் கேட்காமல் உன் பெயரைச் சொன்னதற்குக் கோபித்துக்கொள்ளாதே.

உன்னிடம் பொய் சொன்னதற்குக் கோபித்துக்கொள்.

கண்ணுசாமி


ஆவுடையார்கோவில்
15-11-37

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் நலம். நீங்கள் நலம் என்பதை உங்கள் கடிதத்தைப் படித்துத் தெரிந்துகொண்டேன். இப்படி ஒரு வரியை எழுதக் கிடைத்ததே போதும்.

கடிதத்தை நான் தனியாக மூன்று தடவை படித்தேன். பிறகு ஆத்தாவிடம் போய், மழையில் வழுக்கிக் கையில் அடி, ஆறிவிட்டது என்று வாசித்தேன். ஆத்தா முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தார்கள். கொஞ்சம் கழித்து, "அந்த எடத்துல ஏன் மூச்ச இழுத்துக்கிட்ட? வாசிச்சுரு, கேட்டுக்குறேன்" என்றார்கள். முழுவதையும் வாசித்தேன். மூக்காயி எதிர்ப்பக்கம் ஓடிய இடத்தில் ஆத்தாவின் கை நின்றுவிட்டது. "அவளப் பெத்தவ நல்லா இருக்கணும்" என்றார்கள். பிறகு அந்த முறுக்கில் பாதியை மூக்காயிக்கென்று தனியாகக் கட்டிவிட்டார்கள். இத்துடன் வருகிறது.

நீங்கள் ஒரு பொய்யைச் சொன்னீர்கள். நானும் மறைத்த ஒன்றைச் சொல்ல வேண்டும். புத்தகத்தில் பதினான்காம் பக்கத்தில், மண் கம்பியில் எதையும் தொங்கவிடக்கூடாது, அதை யாரும் இழுக்க முடியாத இடத்தில் கொண்டுபோக வேண்டும் என்று இருக்கிறது. ஜூலை மாதமே படித்தேன். கம்பியில் யார் எதைத் தொங்கவிடப் போகிறார்கள், துரைகளுக்கு வேறு வேலை இல்லை என்று அந்த வரியை விட்டுவிட்டேன். சேலை காய்கிறது என்று நீங்கள் எழுதியபோதாவது அது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். சிரித்தேன். நீங்கள் இடது கையால் மூன்று நாள் எழுதியிருக்கிறீர்கள். நான் இந்த நாலு வரியை எழுத ஒரு முழு நாள் ஆயிற்று.

பிச்சைக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று யோசித்துப் பார்த்தேன். அவன் கால் தரையில் படவில்லை. அந்தரத்தில் தொங்கினான், கம்பியில் உட்காரும் குருவியைப் போல. அவன் வழியாக மண்ணுக்குப் போகக் கரண்டுக்கு வழியே இல்லை. மூக்காயி பதறி ஓடிவந்து சேற்றில் நின்றுகொண்டு அவனை எடுக்கக் கை நீட்டியிருந்தால்தான் அவளும் அந்த இரும்பைத் தொட்டிருப்பாள். மேஸ்திரியும் நீங்களும் அவளும், மூன்று பேர். அதற்கு மேல் யோசிக்கவில்லை. எழுந்து போய் வாசலில் நின்றேன். கோயில் பக்கமிருந்து வண்டி ஒன்று வந்துகொண்டிருந்தது. அது தாண்டிப் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவளுக்கு அந்த வார்த்தைகளைக் கொண்டுபோய்ச் சேர்த்தது நீங்கள்தான். கேலியைப் பொறுத்துக்கொண்டு தினமும் காலையில் சொன்னீர்கள். அதை நான் மறக்கவில்லை. நீங்களும் மறக்க வேண்டாம்.

காண்ட்ராக்டருக்குக் காப்பி எழுதுகிறேன், இந்தத் தடவை ஒரு வரியும் விடாமல். பதினான்காம் பக்கத்தோடு சேர்த்து, புத்தகத்தில் இல்லாத தூளியைப் பற்றியும் கொடியைப் பற்றியும் நானே எழுதிச் சேர்த்திருக்கிறேன். என் பெயரை மட்டும் அதில் போட வேண்டாம்.

கோபம் இல்லை. பொங்கலுக்கு வாருங்கள்.

சொர்ணவல்லி


புதுக்கோட்டை
24-1-38

அன்புள்ள தங்கச்சிக்கு,

பொங்கல் முடிந்து நல்லபடியாக வந்து சேர்ந்தேன். ஆத்தா கட்டிக் கொடுத்ததில் வழியிலேயே பாதி தீர்ந்துவிட்டது. விரல் இரண்டும் மடங்குகின்றன. இந்தக் கடிதம் வலது கையால், பேனாவால் எழுதுவது. 'க'வைப் பார்த்துக்கொள்.

விடுதியில் மேல்தளம் போட்டாயிற்று. பம்புக்கு இனி அங்கே வேலை இல்லை. தெருக் கம்பத்திலிருந்து வந்த கம்பியைக் கழற்றிச் சுருட்டிவிட்டேன். மார்க்கெட்டுக்குத் தெற்கே ஒரு தானியக் கிடங்கு கட்டுகிறார்கள். மோட்டாரோடு எங்களையும் அங்கே அனுப்பிவிட்டார் காண்ட்ராக்டர். மேஸ்திரி இந்தத் தடவை அவராகவே வந்தார். ஈசானிய மூலையில் பூஜை போடுவதற்கு முன்னாலேயே குழியை வெட்டிவிட்டால் குற்றமில்லையாம். குழாயை இறக்கி, அதற்கும் சேர்த்தே பொட்டு வைத்துக் கும்பிட்டுவிட்டார். மண் கம்பி ஏழே தப்படிதான். அதன்மேல் செம்பாறைக் கல் அடுக்கி மூடியிருக்கிறேன். சித்தாள்களுக்குக் கயிற்றில் தனியாக ஒரு கொடி கட்டிக் கொடுத்தேன். காலையில் மண் கம்பியின் திருகாணியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பம்பை ஓட்டுகிறேன்.

பாடம் சொல்வது இப்போது நான் இல்லை. மூக்காயி சொல்கிறாள். புதிதாக வந்த சித்தாள்கள் சிரித்தால், "சிரிங்கடி. நானும் சிரிச்சவதான்" என்கிறாள்.

இன்று காலை இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருந்தபோது வந்து எதிரே நின்றாள், இடுப்பில் பிச்சையோடு. அவனுக்குப் பல் வந்துவிட்டது. "யாருக்குக் கடுதாசி, தங்கச்சிக்கா? அது கேக்குறதுக்கு முந்தி நா கேக்குறேன். எந் தூளி எங்கிட்டு?"

மரக்கால் ஊன்றிய பந்தல் கிழக்குப் பக்கம் தயாராக இருக்கிறது, கட்ட வேண்டியதுதான் என்றேன். அவள் போகவில்லை. நான் அப்போது உனக்கு 'தூளியை' என்று எழுதியிருந்தேன். அடுத்த வார்த்தையை எழுதாமல் பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து போனேன். இரும்பு ஒரு ஆள் தூரத்துக்கு அப்பால் இருக்கிறதா என்று அளந்து பார்த்தேன். எறும்பு இருக்கிறதா என்று அவள் பார்த்தாள். இரண்டு பேருமாகக் கட்டினோம். ஆட்டிப் பார்த்தேன். பிச்சை என் விரலைப் பிடித்துக் கடித்தான்; மடங்காமல் இருந்த அதே விரல்.

இப்போது திரும்பி வந்து உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து எழுதுகிறேன்.

தூளியை மரப் பந்தலில் கட்டியாச்சு. பிள்ளை தூங்குகிறான்.

அன்புள்ள அண்ணன்,
கண்ணுசாமி